400 வெள்ளி வவுச்சரை வெச்சு 5 டிக் ஏர்கான் போடறது எப்படி: சிங்கப்பூர் வீடுகளுக்கு

முதல் விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், கரண்ட், தண்ணி மிச்சம் பண்ற பொருள் வாங்க அரசாங்கம் குடுக்கற இந்த 400 வெள்ளி வவுச்சரைக் காசு கட்டற நேரத்துலயே காட்டணும். எங்க மாடியில இருக்கற ஒரு அக்கா மூணு ரூமுக்கும் புது ஏர்கான் போட்டு முழுப் பணத்தையும் கார்டுல கட்டிட்டு, ரெண்டு நாள் கழிச்சு யாரோ சொல்லி வவுச்சர் ஞாபகம் வந்து கடைக்குப் போனாங்க, கட்டி முடிச்ச பில்லுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. 400 வெள்ளி. அவங்க வீட்டுல ரெண்டு மூணு மாச கரண்ட் பில்லே அதுல போயிருக்கும். அன்னிக்கே இதை எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த வவுச்சரை, பக்கத்துக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் குடுக்கற சிடிசி வவுச்சர்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, ரெண்டும் வேற வேற.

இதுக்குப் பேரு பருவநிலைப் பற்றுச்சீட்டு. தேசியச் சுற்றுப்புற வாரியமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து நடத்தற திட்டம். 2020 நவம்பர்ல ஆரம்பிச்சப்ப ஓரறை, ஈரறை, மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு மட்டும்தான் இருந்துச்சு, அதுவும் ஃபிரிட்ஜ், எல்இடி விளக்கு, ஷவர் இவ்வளவுக்குத்தான், ஏர்கான் அதுல கிடையாது. 2024 ஏப்ரல் 15-லதான் எல்லா வீவக குடும்பங்களுக்கும் 300 வெள்ளின்னு ஆக்கி, 5 டிக் ஏர்கானையும், அதாவது கரண்ட் லேபிள்ல அஞ்சு டிக் குறி உள்ள ஏர்கானையும் உள்ள கொண்டு வந்தாங்க. அப்புறம் 2025 பட்ஜெட்ல வீவக வீடுகளுக்கு இன்னொரு 100 வெள்ளி, கொண்டோ, தரை வீடுன்னு தனியார் வீட்டுல இருக்கற சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு மொத்தமா 400 வெள்ளின்னு அறிவிச்சு, அது 2025 ஏப்ரல் 15-லேந்து நடப்புல இருக்கு. ஆக இப்ப எந்த வீடா இருந்தாலும் கணக்கு 400 வெள்ளிதான். 2027 டிசம்பர் 31 வரைக்கும் செல்லும். 2024-லயே 300-ஐ எடுத்துட்டோம்னு இருக்கறவங்க அந்த 100-ஐயும் எடுத்தாச்சான்னு ஒரு தடவை பாத்துடுங்க, எங்க வீட்டுலயே அது எடுக்காம கிடந்துச்சு.

எடுக்கறது ரொம்ப சுலபம். ரிடீம்எஸ்ஜிங்கற அரசாங்க வவுச்சர் இணையப் பக்கத்துக்குப் போயி, சிங்பாஸ்ங்கற அரசாங்க லாகின்ல உள்ள நுழைஞ்சு, போன் நம்பர் குடுத்தா எஸ்எம்எஸ்ல ஒரு லிங்க் வரும், அதான் உங்க வவுச்சர். வீட்டுக்கு ஒருத்தர் எடுத்தாப் போதும், அடையாள அட்டையில உள்ள விலாசத்தை வெச்சுத்தான் குடும்பம்னு கணக்கு, அதனால அப்பா அம்மா தனி விலாசத்துல இருந்தா அவங்களுக்குத் தனி 400. எங்க அம்மா தோ பாயோல மூவறை வீட்டுல இருக்காங்க, சிங்பாஸ் எல்லாம் அவங்களுக்குப் பழக்கம் இல்லை, நான் ஒரு ஞாயித்துக்கிழமை போயி பக்கத்துல உக்காந்து எடுத்துக் குடுத்தேன். பிள்ளைங்க பக்கத்துல இல்லாதவங்க சமூக மன்றத்துல போயி உதவி கேக்கலாம், தயங்க வேண்டாம்.

இங்க ஒரு எச்சரிக்கை. அந்த லிங்க் யார் கையில இருக்கோ அவங்க செலவு பண்ணலாம், குடும்பத்துக்குள்ள பகிர்றதுக்காக அப்படித்தான் செஞ்சிருக்காங்க, அதனால பெரிய வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாதீங்க. அரசாங்க எஸ்எம்எஸ் பெரும்பாலும் 2024 ஜூலையிலேந்து "கவ் டாட் எஸ்ஜி"ங்கற ஒரே பேர்லதான் வருது. வேற பேர்ல "உங்க வவுச்சர் முடியப் போகுது, பேங்க் விவரம் குடுங்க"ன்னு வந்தா அழிச்சுடுங்க. வவுச்சர் எடுக்க பேங்க் விவரமே தேவையில்லை, அதைக் கேட்டாலே அது மோசடிதான்.

சரி, வவுச்சர் கையில வந்தாச்சு, நேரா கடைக்கு ஓடணுமான்னா வேண்டாம். நான் சொல்ற வரிசை என்னன்னா முதல்ல வீட்டோட கரண்ட், அப்புறம் ரூம் அளவு, அப்புறம் மாடல், அதுக்கப்புறம் கடை, கடைசியாதான் வவுச்சர். இதைத் தலைகீழா பண்றவங்கதான் பின்னாடி கஷ்டப்படறாங்க.

கரண்ட் விஷயம் பழைய வீடுகளுக்கு முக்கியம். 1994-க்கு முன்னாடி கட்டின வீவக வீடா இருந்தா மெயின் சுவிட்ச்சைப் பாருங்க, 30 ஆம்ப்னு இருந்தா ரெண்டு மூணு ரூமுக்கு ஏர்கான் போட அது பத்தாம போகலாம், 40 ஆம்புக்கு மாத்த வேண்டி வரும். இதை உரிமம் உள்ள எலெக்ட்ரிஷியன்தான் பண்ணணும், எரிசக்திச் சந்தை ஆணையத்தோட பக்கத்துல அவரோட உரிமத்தைத் தேடிப் பாக்கலாம். எங்க ஈசூன் வீடு எண்பதுகள்ல கட்டினது, வாங்கறப்பவே முன்னாடி இருந்தவங்க மாத்தியிருந்தாங்க, அம்மா வீட்டுல மாத்தலை. ஏர்கான் வாங்கி, ஆளும் வந்து, டப்பாவையும் பிரிச்சதுக்கு அப்புறம் "அங்கிள் உங்க மெயின் பத்தாது"ன்னு சொன்னா அன்னிக்கு வேலை நின்னுடும், இன்னொரு நாளுக்குக் காத்திருக்கணும். அதனால இதுதான் முதல்.

ரூம் அளவுக்கு இங்க எல்லாரும் சொல்ற கணக்கு சதுர அடிக்கு 65 பிடியு (பிடியுன்னா ஏர்கானோட குளிர வைக்கற திறனோட அளவு). 10-க்கு 12 அடி ரூம்னா 120 சதுர அடி, 7,800 பிடியு வருது, அப்ப 9,000 பிடியு போதும். மத்தியான வெயில் நேரா அடிக்கற மேற்குப் பக்க ரூம், மேல் மாடி, பெரிய கண்ணாடி ஜன்னல் இதெல்லாம் இருந்தா ஒரு படி கூட்டிக்கலாம். ஆனா "எதுக்கும் பெருசா இருக்கட்டும்"னு சின்ன ரூமுக்கு 18,000 போடச் சொல்ற ஆளுங்க இருக்காங்க, கேக்காதீங்க. ரொம்பப் பெரிய மெஷின் ரூமைச் சட்டுனு குளிர வெச்சுட்டு நின்னு நின்னு ஓடும், ஈரப்பதம் போகாது, குளிரும் இருக்கும் பிசுபிசுப்பும் இருக்கும், நம்ம ஊர்க் காத்துல அது ரொம்பத் தொல்லை. ஹாலுக்கு உண்மையிலேயே ஏர்கான் வேணுமான்னும் யோசிங்க. எங்க வீட்டுல ஹாலுக்குப் போடலை, சிஸ்டம் 2 மட்டும் போட்டோம், அதாவது வெளிய ஒரு கம்ப்ரஸர், உள்ள ரெண்டு ரூம்ல ரெண்டு யூனிட். ஹாலுக்கும் சேர்த்து சிஸ்டம் 3 போட்டு அதை தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் ஓட்டற வீடு எனக்குத் தெரிஞ்சே நாலு இருக்கு.

இப்ப டிக் விஷயம், இதுலதான் நிறைய பேர் ஏமாறறாங்க. இங்க ஏர்கான் விக்கணும்னா மின்சக்தி லேபிள் ஒட்டியே ஆகணும், 2008-லேந்து இது கட்டாயம். டிக் கூடக் கூட கரண்ட் கம்மியா இழுக்கும், வவுச்சர் செல்லறது 5 டிக்குக்கு மட்டும்தான். 4 டிக் மாடலைக் காட்டி "இதுவும் ஏறக்குறைய அதேதான், விலையும் கம்மி"ன்னு சொல்லுவாங்க, விலை கம்மிங்கறது உண்மைதான், ஆனா வவுச்சர் போயிடுச்சுன்னா அந்த வித்தியாசம் எங்க நிக்குதுன்னு கூட்டிக் கழிச்சுப் பாருங்க. அதைவிட முக்கியமானது, ஒரு கம்ப்ரஸர் பல யூனிட் உள்ள சிஸ்டத்துக்கு டிக்கைக் குறிப்பிட்ட ஜோடிக்குத்தான் குடுக்கறாங்க, அதாவது இந்த வெளி யூனிட் கூட இந்தந்த உள் யூனிட் சேர்ந்தா இத்தனை டிக்னு. வெளி யூனிட் பேரை மட்டும் காட்டி "5 டிக்"னு சொல்லிட்டு உள்ள வேற அளவு யூனிட்டை மாட்டினா அந்தக் கணக்கு மாறிடலாம். அதனால கொட்டேஷன்ல வெளி யூனிட் மாடல் நம்பர், உள் யூனிட் ஒவ்வொண்ணோட மாடல் நம்பர் எல்லாத்தையும் எழுதி வாங்குங்க, அப்புறம் வாரியத்தோட பதிவு லிஸ்ட்ல தட்டிப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. அதே 5 டிக் மாடலுக்குள்ளயே வருஷத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் இழுக்கும்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், லேபிள்ல அந்த எண்ணையும் பாருங்க, டிக்கை மட்டும் எண்ணிட்டு நிறுத்திடாதீங்க.

இவ்வளவு சிரமம் எதுக்குன்னு கேட்டா, சிங்கப்பூர் வீடுகள்ல செலவாகற கரண்ட்ல கிட்டத்தட்ட கால்வாசி ஏர்கானுக்குத்தான் போகுதுன்னு வாரியமே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கு. ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டறேன். பழைய மெஷினை மாத்தினதுல ஒரு ரூமுக்கு மணிக்கு 0.3 யூனிட் மிச்சம்னு வெச்சுக்குவோம், ராத்திரி 8 மணி நேரம் ஓடினா 2.4 யூனிட், யூனிட்டு 30 காசுன்னா 72 காசு, மாசத்துக்கு 21 வெள்ளி 60 காசு, வருஷத்துக்கு ஏறக்குறைய 260 வெள்ளி. ஒரு ரூமுக்கு. ரெண்டு ரூம்னா வவுச்சரோட மதிப்பை முதல் வருஷத்துலயே தாண்டிடும். வவுச்சர் ஒரு தடவைதான் வரும், இந்த மிச்சம் வருஷா வருஷம் வரும், அதனாலதான் மாடலைப் பாத்து எடுங்கன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன். உங்க வீட்டு யூனிட் விலையை எஸ்பி கரண்ட் பில்லுலேந்து எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்க.

ஏர்கானுக்குள்ள குளிர வைக்கற வாயு பத்தியும் ஒரு வார்த்தை. பழைய மெஷின்ல ஆர்410ஏ இருந்திருக்கும், அது வெளிய போனா கார்பன் டை ஆக்ஸைடை விட ரெண்டாயிரம் மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்கும், இப்ப வர்ற ஆர்32 ஏறக்குறைய 675 மடங்கு. 2022 அக்டோபர் 1-லேந்து இப்படி 750 மடங்குக்கு மேல சூடாக்கற வாயு போட்ட வீட்டு ஏர்கானை இங்க புதுசா விக்க விடறதில்லை. இதனால நமக்கு என்ன ஆகுதுன்னா, பழைய சிஸ்டத்துல கம்ப்ரஸர் மட்டும் செத்துப் போச்சு, அதை மட்டும் மாத்திக்கலாம்னு நெனச்சா முடியாமப் போகலாம், உள்ள வெளிய ரெண்டையும் சேர்த்து மாத்தற நிலைமை வரலாம். கம்ப்ரஸர் இழுத்துக்கிட்டுக் கெடக்கு, இன்னொரு தடவை வாயு அடிச்சு ஓட்டலாம்னு ரிப்பேருக்கு முந்நூறு நானூறு போடறவங்க, அந்தப் பணத்தையும் இந்த வவுச்சரையும் சேர்த்துப் பாத்துட்டு முடிவு எடுங்க.

கடைக்கு வருவோம். வவுச்சர் எல்லாக் கடையிலயும் செல்லாது, திட்டத்துல சேர்ந்த கடைகள்ல மட்டும்தான், திட்டத்தோட இணையப் பக்கத்துல லிஸ்ட் இருக்கு. பேஸ்புக்ல விளம்பரம் பண்ற சின்னச் சின்ன ஏர்கான் கம்பெனி எல்லாமே அதுல இருக்கும்னு நெனக்காதீங்க. குறைஞ்சது மூணு இடத்துல கொட்டேஷன் வாங்குங்க, அதுல திட்டத்துல இல்லாத கடை ஒண்ணும் இருக்கட்டும், இதை நான் ஏன் சொல்றேன்னா சில சமயம் வவுச்சர் செல்லற கடையில அதே மாடல் 500 வெள்ளி கூட இருக்கும், அப்ப வவுச்சருக்காக அங்க வாங்கினா உங்களுக்கு 100 வெள்ளி நஷ்டம். அந்த மாதிரி இருந்தா ஏர்கானைக் கம்மி விலைக் கடையில வாங்கிட்டு வவுச்சரை டிசி ஃபேனுக்கோ ஃபிரிட்ஜுக்கோ வெச்சுக்குங்க, 2027 கடைசி வரை நேரம் இருக்கு. கடைக்காரர்கிட்ட மெஷின் விலை தனியா, பொருத்தற கூலி தனியா, பழசைக் கழட்டற கூலி தனியான்னு பிரிச்சு எழுதச் சொல்லுங்க, வவுச்சரை எந்தத் தொகைக்கு எடுத்துக்கறாங்கன்னு அப்பவே கேட்டு அதையும் அந்தக் காகிதத்துலயே எழுதிக்கணும். எனக்கு ஒரு கடையில வாயால "எல்லாம் சேர்த்துதான்"னு சொல்லிட்டு, வேலை நடக்கற அன்னிக்கு டிரங்க்கிங் (குழாயை மூடற பிளாஸ்டிக் உறை) கூடுதல், தண்ணிக் குழாய் கூடுதல்னு கேட்டாங்க, எழுத்துல இல்லாததால கட்டிட்டுத்தான் வந்தேன். மிச்சம் உள்ள வவுச்சரைக் காசா மாத்திக்க முடியாது, ஆனா ஒரே தடவையில முழுசா செலவு பண்ணணும்னும் கிடையாது.

பழைய மெஷினைத் தூக்கிப் போக யாருக்கும் காசு குடுக்காதீங்க. 2021 ஜூலை 1-லேந்து வந்த மின்கழிவுத் திட்டத்துல, புது ஏர்கான் டெலிவரி பண்றப்ப பழசு ஒண்ணைக் கடைக்காரரே இலவசமா எடுத்துட்டுப் போகணும். சுவத்துலேந்து கழட்டற வேலைக்குக் கூலி கேக்கலாம், அது வேற, எடுத்துப் போறதுக்குன்னு தனியா கேட்டா இந்தத் திட்டத்தைச் சொல்லுங்க.

பொருத்தற நாள்ல லீவு போட்டு வீட்டுல இருங்க, இதை நான் கெஞ்சியே கேட்டுக்கறேன். 5 டிக் மெஷினை மோசமாப் பொருத்தினா அது 5 டிக் மாதிரி ஓடாது. வீவக வீட்டுல கட்டட, கட்டுமான ஆணையத்தோட பயிற்சி முடிச்ச ஆள்தான் பொருத்தணும், லிஸ்ட்ல பேரைப் பாத்து வெச்சுக்குங்க. வெளி யூனிட் அதுக்குன்னு உள்ள திட்டுல உக்காரணும், சுவத்துல தாங்கி போட்டு மாட்டற வீடா இருந்தா தாங்கி துருப்பிடிக்காத எஃகுல இருக்கணும், அது விழுந்தா கீழ போற ஆளு கதி என்ன, அந்தப் பொறுப்பு வீட்டுக்காரரோடது. கொண்டோல இருக்கறவங்க நிர்வாகத்துக்கிட்ட முதல்லயே கேட்டுடுங்க, வெளி யூனிட் எங்க வைக்கறதுன்னு அங்க அங்க ஒரு விதி இருக்கும்.

குழாய் விஷயத்துல ரெண்டு மூணு பாயிண்ட். செம்புக் குழாய்க்கு கேஜ் எண் கம்மியா இருந்தா தடிப்பு கூட, 22 வந்து 24-ஐ விடத் தடிப்பு. குழாயைச் சுத்தி போடற கறுப்பு நுரை உறை அரை அங்குலம் இருக்கட்டும், மெல்லிசா போட்டா நம்ம ஈரக் காத்துக்கு வெளிய தண்ணி வேர்த்து டிரங்க்கிங் வழியா சுவத்துல ஒழுகும், அப்புறம் பெயிண்ட், பூஞ்சை, சண்டை. பழைய குழாயையே வெச்சுக்கலாம்னு சொன்னா சம்மதிக்காதீங்க, பழைய எண்ணெயும் அழுக்கும் புது மெஷினுக்குள்ள போகும். குழாய் மாட்டினதுக்கு அப்புறம் பம்ப் போட்டு உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கணும், பம்ப் சத்தம் கேக்குதா, மீட்டர் மாட்டியிருக்காங்களான்னு நின்னு பாருங்க, வெறும் வாயுவைக் கொஞ்சம் திறந்து விட்டுக் காத்தைத் தள்ளிட்டு ஓகேன்னு சொன்னா தடுத்துடுங்க. கடைசியா ஒவ்வொரு உள் யூனிட்லயும் ஒரு கப் தண்ணி ஊத்தி அது வெளிய சரியா வடியுதான்னு அவங்களை வெச்சே காட்டச் சொல்லுங்க. அம்மா வீட்டுல இந்த ஒரு கப் தண்ணியிலதான் குழாய் மேல் நோக்கிச் சாஞ்சிருக்கறதே தெரிஞ்சுது, அங்கயே கழட்டித் திருப்பி மாட்டினாங்க.

அவங்க கிளம்பறதுக்கு முன்னாடி மாட்டியிருக்கற மாடல் நம்பரும் கொட்டேஷன்ல உள்ளதும் ஒண்ணுதானான்னு ஏணியில ஏறியாவது பாருங்க, போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, வாரண்டியை அன்னிக்கு ராத்திரியே பதிஞ்சுடுங்க. கம்ப்ரஸர் வாரண்டி ஒரு காலம், மத்த பாகங்களுக்கு ஒரு காலம், பொருத்தின வேலைக்கு இன்னொரு காலம்னு தனித்தனியா இருக்கும்.

அம்மாவோட 400-ல நாங்க 300 வெள்ளியை அவங்க படுக்கறை ஏர்கானுக்குப் போட்டோம், மிச்ச 100-ஐ அதே ரூமுக்கு ஒரு டிசி ஃபேன் வாங்கறப்பக் கழிச்சோம். முதல்ல 22-ல வெச்சுப் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினவங்க, இப்ப 26-ல வெச்சு ஃபேனை ஒண்ணுல ஓட விட்டுத் தூங்கறாங்க, ஃபில்ட்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நான் போறப்பக் கழுவிக் குடுத்துட்டு வர்றேன்.